செட்டிநாட்டு வீட்டில் ஹோம் தியேட்டர்: அறை, ஸ்பீக்கர், இணைப்பு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்துப் பழைய வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைப்பவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் குறை, சத்தம் தாராளமாக வந்தும் பேச்சு புரியாமல் போவதுதான். பாட்டு ஓடும்போது அது அவ்வளவாகத் தெரியாது. வசனம் வந்தவுடன் ஐயாவும் அப்பத்தாவும் ஒலியைக் கூட்டச் சொல்வார்கள். கூட்டினால் குழப்பமும் சேர்ந்து கூடும். இந்தக் குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில் இருப்பதில்லை, சுவரிலும் தரையிலும் இருக்கிறது. எனவே பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அறையைக் கவனிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்த சுவர், ஆத்தங்குடிப் பூக்கல் தரை, பர்மா தேக்குத் தூண், பெரிய நிலைக்கண்ணாடி ஆகிய எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை, உள்வாங்குபவை அல்ல. இதன் விளைவைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் கிளெமென்ட் சபைன் என்ற இயற்பியலாளர் 1890களில் தொடங்கிய ஆய்வின்படி, அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அந்த அறை ஒலியை உள்வாங்கும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் அடங்குவதற்கு ஆகும் நேரம் விநாடியில் கிடைக்கும். 15 அடி அகலம், 20 அடி நீளம், 14 அடி உயரமுள்ள அறையின் கன அளவு ஏறத்தாழ 119 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ 147 சதுர மீட்டர். அந்தப் பரப்பு தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கை மட்டும் உள்வாங்குவதாகக் கொண்டால், வெறும் அறையில் ஒலி அடங்க 4 விநாடிக்கு மேல் ஆகும். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தால் யாருக்குத்தான் புரியும்? வீட்டில் படம் பார்க்கும் அறைக்கு அரை விநாடியை ஒட்டிய நேரம் ஏற்றது. மேற்சொன்ன அறையை 0.6 விநாடிக்குக் கொண்டுவர வேண்டுமானால், ஒலியை முழுவதும் உள்வாங்கும் பரப்பு 32 சதுர மீட்டர் அளவுக்கு வேண்டும். அது எளிதன்று, ஆனால் 1 விநாடிக்குக் கொண்டுவந்தாலே கேட்பவர் வேறுபாட்டை உடனே உணர்வார்.

வளவிலோ (நடு முற்றம்) பட்டாலையிலோ (தூண்கள் நிற்கும் நீண்ட கூடம்) திரையை வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. வேண்டாம். வளவு வானம் பார்த்த இடம். சாரலும் ஈரமும் கருவிகளைக் கெடுக்கும், பகல் வெளிச்சம் திரையைக் கெடுக்கும், அங்கே எழுப்பும் ஒலி சுற்றியுள்ள எல்லா அறைகளுக்குள்ளும் புகும். மேலும் பல வீடுகளில் அது பங்காளிகள் அனைவருக்கும் பொதுவான இடம். பட்டாலையோ தூண்கள் மறைக்கும் நீண்ட இடமாக இருப்பதால் இடமும் வலமும் ஒத்து ஒலிக்காது. கதவை மூடிக்கொள்ளக்கூடிய பக்கத்து அறையோ, மாடியிலுள்ள நடுத்தர அளவு ஹாலோ போதும். நீளமும் அகலமும் சமமாக உள்ள சதுர அறையைத் தவிர்ப்பது நல்லது. அதில் சில தாழ்ந்த சுரங்கள் மட்டும் மிகையாக எழும்பும்.

தேர்ந்த அறையில் இருக்கைக்கும் திரைக்கும் இடையிலான தரையைக் கனமான கம்பளத்தால் மூடுங்கள். மெல்லிய ஜமுக்காளமோ கோரைப்பாயோ உயர்ந்த ஒலிகளை ஓரளவு தணிக்குமேயன்றி, கனத்த ஒலிகளைத் தொடவே தொடாது. திரைச்சீலையைச் சுவரின் அகலத்தைப்போல் இருமடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட வேண்டும். அது சுவரிலிருந்து நான்கு விரற்கடை விலகி நின்றால் பயன் கூடும். இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி அறையின் மூலைகளில் நிறுத்தினால் கனத்த ஒலியின் முழக்கமும் சற்றுக் குறையும். பக்கவாட்டுச் சுவரில் நிலைக்கண்ணாடி இருந்தால் படம் பார்க்கும் நேரத்தில் அதன்மேல் ஒரு கனத்த போர்வையை இடுங்கள். துணி உறையிட்ட சோபா தோல் சோபாவைவிட நல்லது. இத்தனைக்கும் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டியதில்லை. அடிக்கவும் கூடாது, ஏனெனில் பல பூச்சுகளாக இட்டு மெருகேற்றிய அந்தச் சுவரில் ஓட்டை போட்டால், பின்னர் எத்தனை திறமையாக அடைத்தாலும் ஒட்டுப்போட்டது தெரிந்துகொண்டே இருக்கும். திரைச்சீலைக்குத் தரையில் நிற்கும் சட்டமே போதும்.

ஸ்பீக்கர்கள் நிற்க வேண்டிய இடம்

முதலில் இருக்கையை முடிவு செய்யுங்கள். அது அறையின் சரிநடுவிலும் இருக்கக்கூடாது, பின்சுவரை ஒட்டியும் இருக்கக்கூடாது. அங்கிருந்து பார்க்கும்போது முன்புற இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 பாகை வரை விலகி இருக்க வேண்டும். பாகை அளக்கக் கருவி தேவையில்லை: இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே 9 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் இருக்கைக்கு 9 அடி என்று ஒரு கயிற்றால் அளந்தால் சமபக்க முக்கோணம் அமையும், அதுவே 30 பாகை. உயர்ந்த ஒலியைத் தரும் சிறிய கூம்பு, உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு நேராக, அதாவது தரையிலிருந்து மூன்று அல்லது மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும்.

வசனத்தில் பெரும்பங்கு நடு ஸ்பீக்கர் வழியாகவே வருகிறது. எனவே அதற்கு எல்லாவற்றையும்விட மேலான இடம் தர வேண்டும். திரைக்கு நேர்கீழே, மேசையின் முன்விளிம்பு வரை நகர்த்தி, காதை நோக்கிச் சற்றே மேலே சாய்த்து வையுங்கள். பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று சுவர் மாடத்துக்குள்ளோ அலமாரிக்குள்ளோ அடைத்தால், குடத்துக்குள் பேசுவதுபோல் குரல் முழங்கும்.

பின்புறச் சூழல் ஸ்பீக்கர்கள் இரண்டும் இருக்கைக்கு இருபுறமும் சற்றுப் பின்னே, 110 முதல் 120 பாகைக்குள், காதுக்கு ஓரடி அல்லது ஈரடி மேலே நிற்க வேண்டும். கடையில் தரும் சுவர்ப் பிடிப்புகளை விட்டுவிட்டு உயரமான ஸ்டாண்டுகளை வாங்குங்கள். ஸ்டாண்டின் அடியில் கூர்முனைகள் இருந்தால் அவற்றை நீக்கி ரப்பரோ கம்பளித் துணியோ ஒட்ட வேண்டும். ஆத்தங்குடிக் கல் சிமென்டால் ஆனது, கூர்முனை அதில் கீறல் விட்டுவிடும்.

ஒலி தலைக்கு மேலிருந்தும் வருவதுபோல் கேட்கச் செய்யும் டால்பி அட்மாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கூரையில் பட்டுத் திரும்பும்படி ஒலியை மேல்நோக்கி வீசும் ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான கூரை வேண்டும். அது ஏழரை அடியிலிருந்து 12 அடிக்குள் இருப்பது ஏற்றது. நம் வீடுகளின் தேக்கு உத்தரமும் கட்டைகளும் ஒலியைச் சிதறடிக்கும், உயரமும் பல இடங்களில் அதைத் தாண்டும். அந்தச் செலவைக் கம்பளத்துக்கும் சீலைக்கும் மாற்றி, ஐந்து ஸ்பீக்கர்களும், கனத்த ஒலிக்கென்றே உள்ள ஒரு சப் ஊஃபரும் சேர்ந்த 5.1 அமைப்போடு நிறைவு கொள்வதே தக்கது.

சப் ஊஃபருக்கு இடம் தேட ஒரு பழைய முறை உண்டு. அதை இருக்கையின் மேலேயே வைத்து, கனத்த ஒலியுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, தரையை ஒட்டிக் குனிந்தபடி சுவரோரமாக நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் முழக்கமும் இல்லாமல் மெலிவும் இல்லாமல் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் அதை இறக்கி வையுங்கள்.

ஒயரும் முனைகளும்

பெரிய அறைகளில் பின்புற ஸ்பீக்கருக்குச் சுவரோரமாகவே சுற்றிச் செல்லும் ஒயர் 15 மீட்டரை எளிதில் எட்டும். போக வர 30 மீட்டர் செம்பு, 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதன் மின்தடை ஏறத்தாழ 0.4 ஓம், 2.5 சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 0.24 ஓம். ஸ்பீக்கரின் தடையில் இருபதில் ஒரு பங்குக்குள் ஒயரின் தடை அடங்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முதலாவது விளிம்பில் நிற்கிறது, இரண்டாவது தாராளமாகப் போதும். பெட்டியோடு வரும் நூல்போன்ற ஒயரை எடுத்து வைத்துவிட்டு, தூய செம்பாலான 2.5 வாங்குங்கள். விலையுயர்ந்த தனிவகை ஒயர் எதுவும் தேவையில்லை. ஒயரைக் கம்பளத்தின் அடியிலும் சுவரடியிலும் கொண்டுசெல்லுங்கள். மின்சார ஒயரோடு அணைந்து ஓடவிடாமல், தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டவிடுங்கள்.

இணைக்கும்போது, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துத் தரும் பெட்டியான ரிசீவரின் பிளக்கைச் சுவரிலிருந்தே எடுத்துவிட வேண்டும். ஒயரின் முனையில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் உறையைச் சீவி, இழைகளை இறுக முறுக்கி, சிவப்பு முனையைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் பொருத்துங்கள். ஓர் இழை நழுவி அடுத்த முனையைத் தொட்டாலும் ரிசீவர் பழுதாகலாம். ஒயர் முனையில் மாட்டும் பனானா பிளக் போட்டுக்கொண்டால் இந்த அச்சம் இல்லை. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் முனைகள் மாறிவிட்டால் எதுவும் பழுதாகாது, ஆனால் கனத்த ஒலி மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் எங்கோ பரவும். சந்தேகம் வந்தால், ரிசீவரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்போடும் எதிர்முனையைக் கறுப்போடும் நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள்: பெரிய கூம்பு வெளியே தள்ளினால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. ரிசீவரின் பின்புறத்தில் குறைந்த அளவு 6 ஓம் என்று அச்சிட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்டாதீர்கள்.

டிவியோடு இணைத்தல்

செட்டாப் பாக்ஸ் முதலியவற்றை ரிசீவரின் எச்டிஎம்ஐ உள்வழிகளில் செருகி, ரிசீவரின் வெளிவழியிலிருந்து ஒரே ஒரு கேபிளை டிவியில் ஆர்க் (ARC) அல்லது ஈஆர்க் (eARC) என்று குறித்துள்ள துளைக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்த ஒரு கேபிளிலேயே படம் டிவிக்குப் போகும். டிவியின் செயலிகளிலிருந்து வரும் ஒலி ரிசீவருக்குத் திரும்பும். 2009ஆம் ஆண்டின் எச்டிஎம்ஐ 1.4 பதிப்போடு வந்த ஆர்க் சுருக்கப்பட்ட டால்பி ஒலியைக் கடத்தும், 2017இல் 2.1 பதிப்போடு அறிவிக்கப்பட்ட ஈஆர்க் சுருக்கத்தால் எதையும் இழக்காத ஒலியையும் கடத்தும். ஆப்டிகல் கேபிள் பழைய வகை 5.1 வரைதான். இணைத்த பின்னும் முன் ஸ்பீக்கர்கள் மட்டும் ஒலித்தால், டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் (PCM) என்றிருப்பதைப் பிட்ஸ்ட்ரீம் (Bitstream) அல்லது பாஸ்த்ரூ (Passthrough) என்று மாற்றி, கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி (CEC) வசதியை இயக்கிப் பாருங்கள்.

மின்சாரமும் இரைச்சலும்

பழைய வயரிங் உள்ள வீடுகளில் எர்த் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்தாக வேண்டும். மண் காய்ந்தால் எர்த் குழியின் தடை கூடும். சித்திரை வெயிலில் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது அவசியம். ஸ்பீக்கரில் விடாமல் ஓர் உறுமல் கேட்டால், கேபிள் டிவி ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால், வெளியிலிருந்து வரும் அந்த ஒயரின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஐசொலேட்டர் என்ற சிறு கருவியை அந்த ஒயரில் இடையே போட்டால் தீரும். உறுமலை நிறுத்துவதற்காக எர்த் பின்னை நீக்குவது உயிருக்கே ஆபத்து. ரிசீவர், டிவி, சப் ஊஃபர் மூன்றையும் ஒரே மின்இணைப்பிலிருந்து எடுப்பது நல்லது. ஐப்பசி இடியின்போது பிளக்கையும் கேபிள் டிவி ஒயரையும் கழற்றி வையுங்கள்.

அளந்து சரிசெய்தல்

ரிசீவரோடு வரும் மைக்கைக் கையில் பிடிக்காமல், கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, கதவை மூடி, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தானியங்கிச் சோதனையை ஓடவிடுங்கள். முடிந்ததும் அது எழுதிக்கொண்ட எண்களை நீங்களே சரிபார்க்க வேண்டும். ஒலி ஓரடி கடக்க ஏறத்தாழ 0.9 மில்லிவிநாடி ஆகிறது. தொலைவு தவறாகப் பதிந்தால் ஸ்பீக்கர்களின் ஒலி ஒன்றாக வந்து சேராது. சப் ஊஃபருக்கு மட்டும் நாடாவில் அளந்ததைவிடச் சற்று அதிகத் தொலைவு காட்டினால் அதை மாற்ற வேண்டாம். உள்ளிருக்கும் சுற்றால் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிடுகிறது. ரிசீவரின் அமைப்பில் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் சிறியவை என்று குறித்து, கனத்த ஒலியைச் சப் ஊஃபருக்குப் பிரித்து அனுப்பும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப் ஊஃபரின் முதுகிலுள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையேல் இரண்டு வடிகட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று வேலை செய்யும்.

அதன்பின் சோதனை ஒலியை ஓடவிட்டு, போனிலுள்ள ஒலிமானியை சி (C) அளவுகோலில் வைத்து, இருக்கையிலிருந்தே ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 டெசிபல் காட்டுகிறதா என்று பாருங்கள். போனின் அளவு துல்லியமன்று. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். பெரியவர்கள் பார்க்கும் வீடானால் நடு ஸ்பீக்கரை மட்டும் 2 டெசிபல் உயர்த்துங்கள். இரவில் பார்ப்பவர்கள் ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நைட் மோடை இயக்கினால், சண்டைக் காட்சி பக்கத்து அறையை எழுப்பாமலே வசனம் கேட்கும். கம்பளத்தை மாற்றினாலும், சீலையைக் கழற்றினாலும், சோபாவை நகர்த்தினாலும் அறை மாறிவிட்டது என்று கொண்டு, மைக் சோதனையை மறுபடியும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.