ஒரே வடிவம், வேறு வேறு வேலை: கருவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமர்சனம் படிக்காமல் வாங்குவது, தேவைக்கு மேல் செலவழிப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்த தவறுகள், அவற்றை விட்டுவிடுகிறேன். லேப்டாப், மானிட்டர், எஸ்எஸ்டி (வேகமான சேமிப்புக் கருவி) எல்லாம் புதிதாக வாங்கி மேசையில் பரப்பிய பிறகு, "இணைத்துவிட்டேன், படமே வரவில்லை" என்று கேட்பவர்கள் குறையவே இல்லை. எந்தப் பொருளிலும் பழுது இருக்காது. ஆனாலும் பணம் போயிருக்கும். அதனால் யுஎஸ்பி-சி போர்ட், கேபிள் விஷயத்தில் நடக்கும் அந்த ஒரு தவறைப் பற்றித்தான் இங்கே அதிகம்.

யுஎஸ்பி-சி இருந்தால் எல்லாம் ஓடும் என்று நம்புவது

யுஎஸ்பி-சி என்பது முனையின் வடிவத்துக்கு 2014இல் வைத்த பெயர், அவ்வளவுதான். எவ்வளவு வேகம், எவ்வளவு மின்சாரம், படம் போகுமா போகாதா என்பதை அந்தப் பெயர் சொல்லாது. இந்த மூன்றையும் லேப்டாப்பின் போர்ட், கேபிள், மறுமுனையில் உள்ள கருவி என மூன்று இடங்களிலும் பார்க்க வேண்டும். மூன்றில் எது குறைவோ, அந்த அளவுக்குத்தான் மொத்தமும் ஓடும்.

முதலில் வேகம். ஒரே வடிவத்துக்குள் யுஎஸ்பி 2.0 (விநாடிக்கு 480 மெகாபிட்), 5, 10, 20, 40 ஜிகாபிட் என்று பல படிகள் உள்ளன. 2023இல் வந்த ஐபோன் 15இல் இருப்பது யுஎஸ்பி-சி போர்ட்தான், ஆனால் வேகம் யுஎஸ்பி 2.0. ஐபோன் 15 ப்ரோவில் 10 ஜிகாபிட் உண்டு. ஆனால் பெட்டிக்குள் வரும் கேபிள் யுஎஸ்பி 2.0 என்பதால், அந்த வேகம் வேண்டுமென்றால் வேறு கேபிள் தேவை. போனோடு வந்த கேபிளை வேகமான எஸ்எஸ்டிக்குப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். 500 ஜிபியை நகலெடுக்க மூன்றரை மணி நேரம் ஆகும். நல்ல எஸ்எஸ்டியில், 10 ஜிகாபிட் கேபிளோடு, அது பத்து நிமிடச் சொச்சத்தில் முடிகிற வேலை. 20 ஜிகாபிட் எஸ்எஸ்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் முன், லேப்டாப்பின் விவரக்குறிப்பில் "யுஎஸ்பி 3.2 ஜென் 2x2" என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் 10இல்தான் ஓடும்.

அடுத்தது மின்சாரம். இரு முனையும் சி ஆன சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் தாங்கும், 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதன் முனைக்குள் இ-மார்க்கர் என்ற சிறு சிப் இருக்கும். சிப் இல்லாவிட்டால், 100 வாட் சார்ஜர் போட்டாலும் 60ஐத் தாண்டாது. கேபிள் தடியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு மீட்டர் நீளத்தில் 240 வாட் என்று விற்கும் கேபிள்களில் பல, தரவுக்கு வெறும் யுஎஸ்பி 2.0தான். சார்ஜர் மேல் எழுதியிருக்கும் 65 வாட் பெரும்பாலும் ஒரே போர்ட்டைப் பயன்படுத்தும்போது கிடைப்பது. இரண்டாவது போர்ட்டில் போனைச் செருகியதும் 45, 20 என்று பிரிந்துவிடும்.

மூன்றாவது படம். இங்கேதான் அதிகப் பணம் போகிறது. லேப்டாப் போர்ட்டில் "டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்" இருந்தால்தான் மானிட்டருக்கு நேராகப் படம் போகும். தண்டர்போல்ட் 3, 4 என்ற, இதே வடிவில் வரும் வேகமான போர்ட்களில் அது உண்டு. போர்ட் பக்கத்தில் குறியீடு இல்லாமலும் இருக்கலாம் என்பதால், உங்கள் மாடலின் மேனுவலில் போர்ட் வாரியாகப் படியுங்கள். இரண்டு சி போர்ட்டில் ஒன்றில் மட்டும் படம் வரும் லேப்டாப்புகள் நிறைய. யுஎஸ்பி 2.0 கேபிளிலும் படம் வராது, அதற்கான கம்பிகளே அதில் கிடையாது.

ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வாங்கினால் "4கே" என்பதோடு நிற்காமல், 30 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா, அதாவது படம் விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படும் என்று பாருங்கள். கேபிளில் வேகத் தடங்கள் (வேகமான தரவும் படமும் போகும் கம்பி இணைகள்) நான்கு. ஹப் அவற்றில் இரண்டைத் தரவுக்கு எடுத்துக்கொண்டால் படத்துக்கு இரண்டுதான் மிஞ்சும். டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 பதிப்பு மட்டும் உள்ள லேப்டாப்பில் அந்த இரண்டு தடம் 4கேயை 30 ஹெர்ட்ஸில்தான் கொடுக்கும். மவுஸ் அசைவே இழுத்து இழுத்து வரும். 1.4 பதிப்பு இருந்தால், ஹப்பும் அதை ஆதரித்தால், 60 கிடைக்கும்.

கையில் உள்ள கேபிள்களை இன்றே சோதித்துவிடலாம். 10 ஜிகாபிட் போர்ட்டில் இணைத்த வேகமான எஸ்எஸ்டி ஒன்றில் 10 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பை நகலெடுங்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனால் அது யுஎஸ்பி 2.0 கேபிள். கால் நிமிடத்துக்குள் முடிந்தால் 10 ஜிகாபிட். முனையருகே சிறு டேப் ஒட்டி வாட்டையும் வேகத்தையும் எழுதி வையுங்கள். எழுதாத கேபிள் ஒரு மாதத்தில் மற்றவற்றோடு கலந்துவிடும்.

பவர் பேங்கின் எம்ஏஎச் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது

10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, பெரும்பாலும் 3.7 வோல்ட்டில். அதாவது 37 வாட் மணி. 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது ஏற்படும் இழப்பும் போக, கைக்கு வருவது ஏறக்குறைய 6,000 முதல் 6,500. பவர் பேங்குகளை வாட் மணியில் ஒப்பிடுங்கள்.

ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது

விவரக்குறிப்பில் "எல்பிடிடிஆர்" என்று இருந்தால் ரேம் பெரும்பாலும் பலகையோடு பற்றவைத்தது, மாற்ற முடியாது. எஸ்எஸ்டியைப் பல லேப்டாப்புகளில் மாற்றலாம். பணம் இடித்தால் ரேமைக் கூட்டி எஸ்எஸ்டியைக் குறையுங்கள்.

ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று எண்ணுவது

ஒத்திசைவு (சிங்க்) கோப்புகளை எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோல வைத்திருக்கும், அதனால் ஒரு கருவியில் அழித்தது மற்றதிலும் அழியும்.

வெளியேறும் வழி பார்க்காமல் குறிப்புச் செயலியில் குடியேறுவது

பத்து குறிப்புகள் போதும். ஒன்றில் படம், ஒன்றில் அட்டவணை, ஒன்றில் வேறொரு குறிப்புக்கான இணைப்பு வையுங்கள். எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். மார்க்டவுனாகவோ எச்டிஎம்எல்லாகவோ (பல செயலிகள் திறக்கும் எழுத்துக் கோப்பு வடிவங்கள்) வந்து, படங்கள் தனி அடைவில் இருந்து, இணைப்புகளும் பிழைத்திருந்தால் நம்பிப் போகலாம். பிடிஎஃப் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அது படிக்க உதவும், குறிப்புகளை வேறு செயலிக்கு மாற்ற உதவாது. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும். மூவாயிரம் குறிப்புகள் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்ட வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.