சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள்: தங்கவயல் தோழிகளை நாவலாக எழுதுவது எப்படி

இரண்டு பெண்களின் அறுபது வருட நட்பை நாவலாக எழுதப் போகிறீர்கள், ஊர் கோலார் தங்கவயல் என்றும் முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், முதல் வேலையாகச் சுரங்கத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சுரங்கம் பெரியது, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், 120 வருட வரலாறு, 800 டன்னுக்கும் அதிகமான தங்கம். அதைத் தொட்டால் அது உங்கள் நாவலை முழுக்க எடுத்துக்கொள்ளும், தோழிகள் இரண்டு பேரும் பின்னால் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் படித்த கைப்பிரதிகளில் பாதி இப்படித்தான் கெட்டன. முதல் அத்தியாயத்தில் வெள்ளைக்காரன் வருகிறான், இரண்டாவதில் ஷாஃப்ட், அதாவது கீழே இறங்கும் செங்குத்துக் குழி, தோண்டுகிறார்கள், நாயகி பிறக்கவே எண்பது பக்கம் ஆகிறது.

சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். தங்கவயலில் தொழிலாளர்கள் இருந்தது லைன் வீடுகளில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதற்கு முந்தைய காலத்தில் அந்தச் சுவரும் இல்லை, மூங்கில் தட்டிதான். பக்கத்து வீட்டில் குழந்தை அழுவது, சட்டி கீழே விழுவது, புருஷன் கத்துவது எல்லாம் கேட்கும். இந்த ஊரில் தோழியை யாரும் தேடிப் போய்ப் பிடிப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறாளோ அவள்தான். விரும்பித் தேர்ந்தெடுக்காத ஒருத்தியுடன் அறுபது வருடம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதுதான் உங்கள் கதை. அதனால் எந்தக் காட்சியை எழுதினாலும், இதில் சுவரைத் தாண்டி என்ன போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழம்பு போகலாம், கைமாத்தாக நூறு ரூபாய் போகலாம், ஒரு சத்தம் மட்டும் போகலாம். எதுவும் போகவில்லை என்றால் அந்தக் காட்சி வேண்டாம்.

அடுத்தது வயசுக் கணக்கு. எழுதுவதற்கு முன் ஒரு தாளில் போட்டுவிடுங்கள், பிறகு போட்டால் கதை உடையும். இருவரும் 1948இல் பிறந்ததாக வைத்துக்கொள்வோம், பெயர் கௌதமி, ரோஸி. 1956இல் சுரங்கத்தை மைசூர் அரசு எடுத்துக்கொள்ளும்போது எட்டு வயசு, அப்பா அதைப் பற்றிப் பேசுவது காதில் விழும், புரியாது. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற கம்பெனி வரும்போது இருபத்து நான்கு, கையில் குழந்தை. 2001 பிப்ரவரி 28, சுரங்கம் மூடிய நாள், ஐம்பத்து மூன்று. இப்போது எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள். கவனித்தீர்களா, மூடிய பிறகும் இவர்கள் இருபது வருடத்துக்கு மேல் வாழ்கிறார்கள். பெரும்பாலான சுரங்கக் கதைகள் மூடும் நாளோடு முடிந்துவிடும், ஏனென்றால் அவை ஆண்களின் வேலையைப் பற்றியவை. உங்கள் நாவலில் மூன்றில் ஒரு பங்கு அதற்குப் பிறகு நடக்க வேண்டும்.

பாட்டிகளையும் மறக்க வேண்டாம். ஒருத்தியின் பாட்டிக்கு 1930 வேலைநிறுத்தம் ஞாபகம் இருக்கலாம், தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யப் போகிறோம் என்று நிர்வாகம் சொன்னதும் சுரங்கமே நின்றுபோன வேலைநிறுத்தம் அது. என் பேர் கௌதமி, உன் பேர் ஏன் ரோஸி என்று சின்ன வயசில் ஒரு பேச்சு வரட்டும், அதில் ஊரின் பெரிய வரலாறு தானாக வந்துவிடும். இங்கே வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு பக்கத்திலிருந்து வந்த தலித் மக்கள், அவர்களில் பலர் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்தோடு சேர்ந்தவர்கள். அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகை, அவர் 1914இல் இறந்த பிறகு, 1920களில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. ஆகவே கௌதமியின் தாத்தா வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய தமிழ்ப் புத்தகம் இருக்கலாம், ரோஸி வீட்டில் மாதா படம் இருக்கலாம். இதை விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்து இரண்டு பெண்களும் பேன் பார்த்துக்கொள்ளட்டும், அது போதும்.

இனி முக்கியமான ஒரு கட்டுப்பாடு. உங்கள் நாவல் ஒருமுறை கூடக் கீழே இறங்கக் கூடாது. 1952 சுரங்கச் சட்டப்படி பெண்கள் பூமிக்கடியில் வேலை செய்யத் தடை, 2019இல்தான் அதைத் தளர்த்தினார்கள், அதற்குள் தங்கவயல் மூடிப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. கௌதமியும் ரோஸியும் தங்கள் அப்பா, புருஷன், அண்ணன் எல்லோரும் வேலை செய்த இடத்தைப் பார்த்ததே இல்லை. கீழே பாறையின் வெப்பம் 65 டிகிரிக்கு மேல் இருந்தது என்று நமக்குத் தெரியும், ஆனால் ரோஸிக்குத் தெரிந்தது துவைக்கப் போடும் சட்டையில் உப்புப் பூத்திருப்பது. அதை எழுதுங்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜில் மேலே வருவதை மட்டும் வைத்துக் கீழே என்ன நடக்கிறது என்று அவர்கள் எப்படி ஊகிக்கிறார்களோ, வாசகரும் அப்படித்தான் ஊகிக்க வேண்டும்.

அதனால் கதை சொல்பவளை நான் இப்படித்தான் தேர்ந்தெடுப்பேன்: கௌதமி மட்டும் சொல்லட்டும். ஒரு அத்தியாயம் இவள், ஒரு அத்தியாயம் அவள் என்று மாற்றி மாற்றிப் போனால் சுவர் இல்லாமல் போய்விடும், ரோஸியின் மனசு வாசகருக்குத் திறந்தே கிடக்கும். ஒருத்தி மட்டும் சொன்னால் இன்னொருத்தி சத்தமாகவே இருப்பாள், அறுபது வருடம் கேட்டும் முழுசாகத் தெரியாதவளாக.

சரி, ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தங்கவயலில் பாறை அழுத்தம் தாங்காமல் கீழே திடீரென்று வெடிக்கும், ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீடுகள் நிலநடுக்கம் போல ஆடும், சுவர் விரிசல் விடும். இது உங்கள் நாவலில் கட்டாயம் வரும், வந்தே ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் இதை எழுதும்போது உடனே சங்கு ஊதி, ஊரையே ஷாஃப்ட் வாசலுக்கு ஓடவிட்டு, அழுகையில் முடித்துவிடுகிறார்கள். அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் நில்லுங்கள்:

"எவர்சில்வர் டம்ளர் மூணும் தட்டிலேயே நகர்ந்து ஒன்றோடு ஒன்று முட்டின. அப்புறம் நின்றுவிட்டன. என் வீட்டுக்காரர் பகல் ஷிஃப்டு முடித்து வந்து படுத்திருந்தார், அசையக்கூட இல்லை. வெளியே வந்தேன். ரோஸி அதற்கு முன்பே திண்ணையில் நின்றுகொண்டிருந்தாள், தலை முடியாமல். அவள் வீட்டுக்காரர் கீழே. இரண்டு பேரும் ஷாஃப்ட் விளக்கையே பார்த்தோம். 'சின்னதுதான்டி' என்றேன். அவள் பேசவில்லை. உள்ளே என் வீட்டுக்காரர் குறட்டை விட ஆரம்பித்தார். நான் கையைப் பின்னால் நீட்டிக் கதவைச் சத்தமில்லாமல் இழுத்து மூடினேன். மூடியும் கேட்டது. நம் சுவர் அவ்வளவுதான்."

இங்கே நட்பு என்ற சொல்லே இல்லை. கௌதமிக்குத் தன் புருஷன் பத்திரமாக இருப்பதே குற்றமாகப் படுகிறது, அதை மறைக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. ரோஸி குறட்டையைக் கேட்டாளா என்று கௌதமிக்குக் கடைசி வரை தெரியாது, கேட்கவும் மாட்டாள். இப்படிக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இரண்டு பேருக்கும் நடுவில் முப்பது வருடம் கிடந்தால் நாவலுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

இருமலையும் இதே மாதிரி எழுதலாம். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் வேலையை விட்ட பிறகும் முற்றிக்கொண்டே போகும் நோய், சுரங்கத்தை மூடினாலும் அது மூடாது. ராத்திரி இருமல் மாறியிருப்பதைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள். கூடவே படுத்திருக்கும் பெண்டாட்டிக்கு அது பழகிப்போயிருக்கும், அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள். காலையில் குழாயடியில், "ஆஸ்பத்திரியில ஒருதரம் காட்டேன்டி" என்று சொல்வதா வேண்டாமா என்று குடம் நிரம்பும் வரை யோசிக்கும் ஒரு பக்கம், நோயைப் பற்றிய பத்துப் பக்க விளக்கத்தைவிடக் கனமானது.

தங்கம் பற்றி. கடத்தல், திருட்டு, மறைத்து வைத்த கட்டி என்று போகாதீர்கள், அது வேறு நாவல், அதில் உங்கள் தோழிகளுக்கு இடமில்லை. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சுமார் 3 கிராம் தங்கம்தான் கிடைத்தது. நாலு கிராமில் ஒரு ஜோடி கம்மல் என்றால் அதற்குள் ஒரு டன்னுக்கும் மேலான பாறை இருக்கிறது. அந்தக் கம்மலை நாவல் முழுக்க நடமாட விடுங்கள். ரோஸியின் அம்மா போட்டது. கௌதமியின் பிரசவத்துக்கு அடகுக் கடைக்குப் போகிறது, சீட்டு எடுத்து மீட்கிறார்கள். ரோஸி மகள் கல்யாணத்துக்குத் திரும்ப வருகிறது, அடுத்த மாதமே கௌதமி மகன் பீஸ் கட்ட மறுபடி போகிறது. யாருடையது என்பதே ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்கும் குழம்ப வேண்டும். 800 டன் தங்கத்தின் மேல் குடியிருந்தவர்கள் நாலு கிராமை வைத்து ஒரு ஆயுளை ஓட்டினார்கள் என்று நீங்கள் எங்கேயும் சொல்ல வேண்டாம், கம்மலே சொல்லிவிடும்.

சண்டை வேண்டும். ஒரு வருடமாவது பேசாமல் இருக்க வேண்டும், அதுவும் சுவர் ஒன்றாக இருக்கும்போதே, அதுதான் கொடுமை. பெரிய துரோகம் எதுவும் தேவையில்லை. சுரங்கம் மூடியபோது கௌதமி புருஷனுக்குக் கொஞ்சம் மொத்தப் பணம் கைக்கு வருகிறது, ரோஸி புருஷன் அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று வையுங்கள். கௌதமி புது மிக்ஸி வாங்குகிறாள். காலையில் அது ஓடும் சத்தம் ரோஸிக்குக் கேட்கிறது. இதற்கு மேல் காரணம் எழுத வேண்டியதே இல்லை. சமாதானமும் பேச்சில் வர வேண்டாம், ஒருநாள் மிக்ஸி ஓடாமல் இருக்கட்டும், ரோஸி அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைக்கட்டும்.

மூடிய பிறகான பகுதிக்கு ரயிலில் போய் வாருங்கள். மாரிகுப்பத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பும் பெங்களூர் ரயிலில் தங்கவயல் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகிறார்கள், கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், தினமும் போக வர. ஐம்பத்து மூன்று வயதில் கௌதமியும் ரோஸியும் முதல்முறையாக அந்த ரயிலில் ஏறுவார்கள், ஒருத்தி கார்மெண்ட்ஸில் துணி மடிக்க, ஒருத்தி யாரோ வீட்டில் சமைக்க. இதுவரை சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒரே இருக்கை. சின்ன வயசில் அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்ததற்குப் பிறகு இப்போதுதான் நடுவில் எதுவும் இல்லாமல் பக்கத்தில் உட்காருகிறார்கள். இந்த அத்தியாயத்தை அவசரப்படாமல் எழுதுங்கள், நாவலிலேயே சந்தோஷமான பகுதி இதுவாக இருக்கலாம்.

போய்ப் பேசும்போது கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "உங்கள் நட்பைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எந்தப் பாட்டியும் "நல்லா இருந்தோம்பா" என்று முடித்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குழந்தையை யாரிடம் விட்டீர்கள் என்று கேளுங்கள். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைட் மலையிலிருந்து காற்றில் தூசி வரும் நாளில் யார் முதலில் துணியை எடுப்பார்கள், இரண்டு பேர் துணியையும் எடுப்பார்களா என்று கேளுங்கள். பேச்சைக் காதில் விழுந்தபடியே பிடியுங்கள். அங்கே பேசுவது வட ஆற்காட்டுத் தமிழ், அதில் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஷாஃப்ட், கேஜ், ஷிஃப்டு எல்லாமும் கலந்திருக்கும். மதுரைத் தமிழிலோ தஞ்சாவூர்த் தமிழிலோ அவர்களைப் பேச வைத்தால் முதல் வரியிலேயே ஊர்க்காரர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அப்புறம், சொன்னவர்களின் பெயரையும் குடும்ப விஷயத்தையும் அப்படியே எழுதிவிடாதீர்கள், நாலு பேர் கதையைக் கலந்து ஒருத்தியைச் செய்யுங்கள்.

முடிவு எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒருத்தி இறப்பதை வைத்து முடிக்கலாம், தவறில்லை, ஆனால் சாவு வீட்டில் முடிக்காதீர்கள். பதினைந்து நாள் கழித்துப் போங்கள். ரோஸி வீட்டில் அவள் மகள் பூட்டைப் போட்டுவிட்டு பெங்களூர் கிளம்பியாகிவிட்டது. கௌதமிக்குத் தூக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை. எழுந்து விளக்கைப் போட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தக் கம்மலை எடுத்துக் காதில் போடப் பார்க்கிறாள். ரொம்ப நாளாகக் காதில் எதுவும் போடாததால் துளை அடைந்துபோயிருக்கிறது. திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருகிறாள், ரோஸி வீட்டுப் பக்கச் சுவரில்.