அப்பாவுக்கு ஒரு நினைவு மலர்: தொகுக்க நினைப்பவர்களுக்கு

என் அப்பா குடிநீர் வடிகால் வாரியத்தில் பொறியாளர். பாலக்கோடு, பென்னாகரம், கிருஷ்ணகிரி என்று மாறி மாறி வேலை பார்த்து 2016இல் ஓய்வு பெற்றார். சென்ற ஆண்டு ஆடியில் காலமானார். முதல் ஆண்டுத் திதிக்கு 32 பக்கத்தில் ஒரு நினைவு மலர் கொண்டுவந்தோம். அதைப் பார்த்த உறவினர் இருவர் தங்கள் வீட்டிலும் செய்ய வேண்டும், எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"அன்பானவர், நேர்மையானவர், எளிமையானவர்" என்று தொடங்காதீர்கள். நான் முதலில் எழுதிய இரண்டு பக்கமும் அப்படித்தான் இருந்தன. அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "பக்கத்துத் தெரு வாத்தியாருக்கும் இதையே போடலாமே கண்ணு" என்றார். அன்றிரவே அவற்றைக் கிழித்துப்போட்டேன். அப்பா அன்பானவர் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் செய்த காரியத்தைப் பார்த்தவர் வாயால் சொல்ல வைத்தால் போதும்.

அந்த ஆட்களைப் பிடிக்க நல்ல நேரம் துக்கம் விசாரிக்க வருகிற நாட்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டால் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். பெற்ற பிள்ளைகளுக்கு அப்போது எதுவும் ஓடாது. அதனால் சித்தப்பா மகன், மாமா மகள் என்று ஒருவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, வருகிறவர் பெயர், ஊர், தொலைபேசி எண், அப்பாவை எப்படித் தெரியும் என்பதை மட்டும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கதையை இரண்டு மாதம் கழித்து நேரில் போய்க் கேட்கலாம். எங்கள் நோட்டில் 61 பெயர்கள் இருந்தன. அதில் பத்தொன்பது பேரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

நேரில் போகும்போது "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "தங்கமான மனுஷர்" என்ற பதில்தான் வரும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்? உங்களை என்னவென்று கூப்பிடுவார்? எதற்குக் கோபப்படுவார்? உங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டார்? கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அதைக் கண்ணில் படாதபடி வைத்துவிடுங்கள். அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் டேங்க் ஆபரேட்டராக இருந்தவரிடம் இப்படித்தான் கேட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், நாளடைவில் எலும்பும் இறுகிவிடும். அப்பா பரிசோதனைப் பெட்டியுடன் அந்த ஊருக்குப் போனபோது பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நின்றார்களாம். குழாயில் நீரைப் பிடித்து மருந்தை ஊற்றியதும் அதன் சிவப்பு வெளுத்து மஞ்சளாகிவிட்டது. ஃப்ளோரைடு ஏற ஏற மஞ்சள் கூடும். அப்பா பிள்ளைகளைப் பார்த்து, "எங்கே, சிரியுங்கள்" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள், ஒரு பெண் மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "அதற்கப்புறம் சார் எந்த ஊரிலும் பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னதில்லை அம்மா. குனிந்து பெயரைக் கேட்பார், பேசும்போதே பல்லைப் பார்த்துக்கொள்வார்" என்றார் ஆபரேட்டர். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, பிறகு அந்த ஊர் மேல்நிலைத் தொட்டிக்குக் காவிரித் தண்ணீர் வந்த அன்று, அப்பா அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போய் ஒரு செம்பு வாங்கிக் குடித்திருக்கிறார். எங்களிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. மலரில் இதற்கு மூன்று பக்கம் கொடுத்தோம். உங்களுக்கும் இப்படி ஒன்று கிடைத்தால் இடத்தைச் சுருக்காதீர்கள். பதவி, பட்டம் எல்லாம் அரைப் பக்கத்தில் அடங்கும்.

அடுத்தது காகிதங்கள். குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்று என்று ஒவ்வொரு அலுவலகமாக அலையும்போது அசல் ஆவணங்கள் கையை விட்டுப் போகும். கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுங்கள். எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தார் என்பதற்கு மாறுதல் ஆணைகளைவிட நல்ல சான்று வேறில்லை. ஊர்ப் பெயரில் குழம்ப வேண்டாம். தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதனால் 1958இல் பிறந்த அப்பாவின் பள்ளிச் சான்றில் சேலம் மாவட்டம் என்றும், கிருஷ்ணகிரியில் பார்த்த முதல் வேலையின் ஆணையில் தருமபுரி மாவட்டம் என்றும் இருக்கிறது. அவற்றைத் திருத்தாமல் உள்ளபடியே போட்டோம்.

புகைப்படங்களில் அவசரம் வேண்டாம். பழைய ஒட்டும் ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்தால் முகம் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடும். ஆல்பத்தோடு சேர்த்து, வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் வைத்துப் படமெடுங்கள். பின்பக்கம் பெயர் எழுதப் பென்சில் போதும், பேனா எழுத்து முன்பக்கம் தெரியும். பெரியவர்கள் இருக்கும்போதே யார் யார் என்று கேட்டு எழுதிவிடுங்கள்.

அப்பாவின் கைபேசி எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். சில மாதங்களில் எண் வேறு யாருக்காவது போய்விடும். அதற்குள் வாட்ஸ்அப் குரல் பதிவுகளைத் தனியே சேமியுங்கள். "சாப்பிட்டாயா அம்மா, வண்டியை மெதுவாக ஓட்டு" என்று எட்டு விநாடி ஓடும் பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. மலரில் அதை அச்சிட முடியாது. ஆனாலும் எல்லாவற்றையும்விட அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள்ளும் தேடுங்கள். எங்கள் சமையலறைக் கதவு நிலையில் நானும் தம்பியும் வளர்ந்த உயரம் பென்சில் கோடுகளாக இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் தலைமேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அப்பா கோடு போடுவார். பக்கத்தில் தேதியும் சென்டிமீட்டரும் எழுதியிருக்கும். ஒரு கோட்டில் மட்டும் தேதி தை மாதக் கடைசியில் இருக்கிறது. அந்தப் பொங்கலன்று பிரதான குழாய் உடைந்து அவர் மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா அந்த வருத்தத்தை இன்னும் மறக்கவில்லை. இதையெல்லாம் போடலாமா என்று தயங்கினோம். "போடு, அவர் வராததும் உண்மைதானே" என்று அம்மாவே சொன்னார். மனவருத்தங்களை எழுதுவதென்றால், வருந்தியவரின் சம்மதத்தோடு எழுதுங்கள்.

அச்சு வேலைக்குச் சில குறிப்புகள். நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். திதி பஞ்சாங்கப்படி வரும், இறந்த ஆங்கிலத் தேதியில் வராது. முன்கூட்டியே நாளைத் தெரிந்துகொண்டு, அதற்கு மூன்று வாரம் முன்பே அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள். பிழை பார்க்க அச்சகம் தரும் மெய்ப்பை வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரும் படிக்கட்டும், தலைப்பெழுத்துப் பிழைகள் நம் கண்ணுக்குப் படாது. எழுத்தைப் பெரிதாக வையுங்கள், படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள்.

கடைசி இரண்டு பக்கங்களை வெறுமையாக விடுங்கள். மலரைக் கொடுக்கப் பென்னாகரம் போனபோது ஆபரேட்டரின் மகள்தான் அவருக்குப் படித்துக் காட்டினாள். செம்புத் தண்ணீர் வந்த இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு செம்பு இல்லை அம்மா, இரண்டு. இரண்டாவதை எனக்குக் கொடுத்தார்." அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, அந்த வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.