விலையுயர்ந்த ஹெட்போனை எப்படிக் கேட்டுப் பார்ப்பது?

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடுமுன் ஒலி அளவைச் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே அதுதான் 'தெளிவு' என்று காது ஏமாந்துவிடும். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் (மின்மறுப்பு அதிகமுள்ள) ஹெட்போனைக் கைப்பேசியில் நேராகச் செருகினால் சன்னமாகத்தான் ஒலிக்கும். அது ஹெட்போனின் குறையல்ல, ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

கடைக்காரர் போடும் அதிரடிப் பாட்டு உதவாது. நூறு முறை கேட்டுப் பழகிய பாட்டையே கொண்டுபோங்கள். மிருதங்கம் இருந்தால் இன்னும் நல்லது: தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி கலங்காமல், வலந்தலையின் (வலப்பக்கத்தின்) நாதம் தனியே கேட்க வேண்டும். பாடகர் மூச்சிழுப்பதும் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை கேளுங்கள். மூடிய வகை ஹெட்போனில், கண்ணாடிக் காம்பு உண்டாக்கும் சிறு இடைவெளி வழியே பாஸ் (தாழ்ந்த, ஆழ்ந்த ஒலி) கசிந்துவிடும். இது தெரியாமல் நல்ல ஹெட்போன் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தவன் நான்.