ஐந்து இடம்தான் உண்டு: தனியாக ஆடும் கதை விளையாட்டுகள் குவிந்துபோனவர்களுக்கு

போன தீபாவளி விடுமுறையில் என் கணினியில் கிடந்த தனியாள் கதை விளையாட்டுகளை எண்ணிப் பார்த்தேன். தணிக்கை அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சரக்கு இருப்பு எடுப்பது பழகிய வேலை. 83 பிடிஎஃப் கோப்புகள், அச்சில் 6 புத்தகங்கள். அவற்றில் ஒருமுறையாவது பகடை உருட்டியவை 11. கதை முடிவு வரை போனவை 3. ஒரு வியாபாரி இந்தப் பட்டியலை என்னிடம் நீட்டியிருந்தால், "அண்ணாச்சி, முதலில் கொள்முதலை நிறுத்துங்கள்" என்றிருப்பேன்.

இந்த விளையாட்டுகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு பேர் கூடி, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் கதாபாத்திரங்களாக ஆடுவது வழக்கமான முறை. தனியாள் ஆட்டத்தில் கதை நடத்துபவர் கிடையாது. அந்த வேலையைப் பகடையும் சீட்டுக்கட்டும் அட்டவணைகளும் பார்த்துக்கொள்ளும். நீங்கள் ஒரு நோட்டுடன் உட்கார்ந்தால் போதும். இது நேற்று வந்ததும் அல்ல. டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் என்ற விளையாட்டுக்காக 1976லேயே 'பஃபலோ காஸில்' என்ற தனியாள் சாகசம் வெளியாகியிருக்கிறது.

என் குவியல் தொடங்கியது 2020 ஜூனில். இட்ச் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் இனநீதிக்காக நிதி திரட்டும் ஒரு தொகுப்பு போட்டார்கள். குறைந்தது 5 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 380 ரூபாய், கொடுத்தால் 1,700க்கும் மேற்பட்ட படைப்புகள். பெரும்பாலானவை கணினி விளையாட்டுகள்தான். ஆனால் நடுவில் காகிதமும் பகடையும் மட்டும் கேட்கிறவை ஏராளம். ஊரடங்கில் இருந்த எனக்கு அது புதையல். பிறகு முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம், பிறகு தள்ளுபடி விற்பனைகள். குவிந்துவிட்டது.

இனி என் முறை. இரண்டு வருடம் தப்புத்தப்பாகச் செய்து கண்டது.

முதலில் எண்ணுங்கள், ஆனால் காகிதத்தில் எண்ணுங்கள். நான் எக்செல் தாளில் ஒன்பது பத்தி வைத்துத் தொடங்கினேன். வகை, ஆண்டு, விலை, பக்க எண்ணிக்கை என்று இரண்டு வாரம் நிரப்பினேன். அது 90வது விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்றே குறிப்பு எழுதினால் போதும். மேசையில் என்னென்ன வேண்டும்? எவ்வளவு எழுத வேண்டும்? ஒரு ராத்திரியில் முடியுமா, மாதக்கணக்கில் இழுக்குமா? நட்சத்திர மதிப்பெண் போடாதீர்கள். ஆடாத ஆட்டத்துக்கு மதிப்பெண் எதற்கு?

இந்த மூன்று குறிப்புகள் ஏன் என்று சொல்கிறேன். என் திணறலுக்குக் காரணம் எண்ணிக்கை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் நடந்தது வேறு. ராத்திரி ஒன்பதரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து உட்காருவேன். மனம் இருக்கும் நிலைக்குப் பொருந்தாத ஒன்றைத் திறப்பேன். நாலு பக்கம் விதி படிப்பேன், மூடுவேன், இன்னொன்றைத் திறப்பேன். பத்தே முக்காலுக்குத் தூக்கம் வந்துவிடும். விதி படிப்பதே ஆடியதுபோல ஒரு திருப்தியைத் தந்துவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே விளையாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அன்றைய ராத்திரியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாதக் கடைசி, கண் எரிகிறது, ஒரு வரிகூட எழுத முடியாது என்றால் எனக்கு 'ஃபோர் அகெய்ன்ஸ்ட் டார்க்னஸ்'தான். எட்டு வகை வீரர்களில் நால்வரைப் பிடித்து, ஆறுமுகப் பகடையை உருட்டி, கட்டம் போட்ட தாளில் நிலவறையை அறை அறையாக வரைந்துகொண்டே போகலாம். கற்பனையை யாரும் கேட்க மாட்டார்கள். செத்தால் செத்தார்கள். சனிக்கிழமை, வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள் என்றால் 'தௌசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர்'. அது எழுதுபவர்களுக்கான ஆட்டம். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

மேசையில் என்ன வேண்டும் என்ற கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீட்டு பரப்பும் ஆட்டங்களுக்கு மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் அது நடக்காது. ஆகவே என் பட்டியலில் சீட்டாட்டங்களுக்கு எதிரே 'மார்கழி' என்றே எழுதியிருக்கிறேன். 'தி ரெச்சட்' என்று ஒன்று. விண்கலத்தில் கடைசியாக உயிரோடு இருக்கும் ஒருவர், வெளியே ஒரு ஜந்து, தினமும் குரலைப் பதிவு செய்ய வேண்டும். சீட்டும் பகடையும் போக, மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரமும் வேண்டும். சீட்டு சொல்லும்போதெல்லாம் ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் உங்கள் கதை முடிந்தது. எனக்கு ராத்திரி பதினொன்றரைக்குச் சரிந்தது. உள்ளறையிலிருந்து மாமியார், "என்னம்மா விழுந்தது?" என்றார். "விண்கலம், அத்தை" என்றேன். அதன்பின் அது பகல் ஆட்டம்.

அடுத்தது, நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே விதி. அதை அந்த வாம்பயர் ஆட்டத்திலிருந்தே எடுத்துக்கொண்டேன். அதில் உங்கள் ரத்தக்காட்டேரிக்கு நினைவுகள் ஐந்துதான். ஒவ்வொன்றிலும் மூன்று அனுபவங்கள் வரை அடங்கும். பத்துமுகப் பகடையில் விழுந்ததிலிருந்து ஆறுமுகப் பகடையில் விழுந்ததைக் கழித்து, அந்த எண்ணிக்கைப்படி புத்தகத்தின் கேள்வி வரிசையில் முன்னோ பின்னோ நகர்ந்து, அங்கே கேட்கப்படும் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். இடம் நிரம்பிவிட்டதா? புதியது நுழைய வேண்டுமானால் பழையதொன்றை அடித்துவிட வேண்டும். என் காட்டேரி நாகப்பட்டினம் துறைமுகத்தில் உப்பு விற்றவள். முந்நூறு வருடம் கழித்துத் தன் மகளின் பெயர் இருந்த நினைவை என் பேனாவாலேயே அடித்தேன். அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை.

பெற்ற மகளை அடிக்க முடிந்தவளுக்கு ஒரு பிடிஎஃப்பை அடிக்க முடியாதா? 89லிருந்து ஐந்தை எடுத்து ஒரு அட்டையில் எழுதி, பூஜை அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். நான் ஆடக்கூடியவை அவை மட்டுமே. ஆறாவது வேண்டுமானால் ஐந்தில் ஒன்றைப் பேனாவால் அடிக்க வேண்டும். பென்சில் கூடாது. மீதி 84ம் எங்கே என்று கேட்பீர்கள். அந்த ஆட்டத்தில் அடிக்க மனமில்லாத சில நினைவுகளைப் போட்டுவைக்க ஒரு நாட்குறிப்பும் உண்டு. அதுபோல, 78 கோப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்; அச்சில் மீந்த ஆறும் மேல் பரணுக்குப் போயின. அழிக்கவில்லை. ஆனால் எடுக்க வேண்டுமானால் புடவையை நகர்த்த வேண்டும், அதற்குள் ஆசை அடங்கிவிடுகிறது.

எடுத்த ஆட்டத்தை எப்படித் தொடங்குவது? தயார் செய்யாமல். 'அயர்ன்ஸ்வோர்ன்' 2018ல் வந்தது, பிடிஎஃப் இலவசம், இரும்பின் மேல் சத்தியம் செய்துவிட்டுப் புறப்படும் கதை. அதன் தொடக்கத்தில் உலகத்தைப் பற்றிய உண்மைகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தாள் இருக்கிறது. அருமையான தாள், ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அது புதைகுழி. மூன்று ராத்திரி அதிலேயே கழித்தேன், பகடை தரையில் விழவே இல்லை. நான்காவது ராத்திரி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அஞ்சலை என்ற பெண் உடைந்த பனிக்கட்டியின் மேல் நிற்கிறாள் என்று எழுதினேன். ஆறுமுகப் பகடையோடு அவளுடைய திறன் எண்ணைக் கூட்டி, இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி, ஒன்றை மிஞ்சினால் அரைகுறை, எதையும் மிஞ்சாவிட்டால் வம்பு. வம்புதான் வந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது. உலகம் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

நடுவில் ஒரு விதி தெரியவில்லையென்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி கேள்வியை மாற்றி, ஆறுமுகப் பகடையில் நாலுக்கு மேல் விழுந்தால் 'ஆம்' என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலும் 'ஆம்'தான். இதையே விரிவாகச் செய்ய 'மித்திக்' என்ற கருவி இருக்கிறது, குழப்பத்தை 1 முதல் 9 வரை அளக்கும் எண்கூட அதில் உண்டு. முதல் நாளுக்கு அது வேண்டாம். பையன் பகடையைத் தொலைத்த ஒரு ராத்திரி பாட்டியின் தாயக்கட்டையை எடுத்து உருட்டிய கதையும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். இரண்டு கட்டைகளிலும் 0 முதல் 3 வரைதான். 3 விழ 16ல் நான்கு வாய்ப்பு, 6 விழ 16ல் ஒன்றுதான். இரண்டிலும் 0 விழுந்து பன்னிரண்டு ஆனபோது என்ன செய்வதென்று எந்த விதிநூலிலும் இல்லை.

எழும்போது காட்சியை முடித்துவிட்டு எழாதீர்கள். கதவு பாதி திறந்திருக்கட்டும். ஒரு துண்டுச் சீட்டில், அடுத்து உருட்ட வேண்டிய பகடை எது, கேட்க வேண்டிய கேள்வி எது என்று இரண்டு வரி எழுதி நோட்டில் செருகுங்கள். பத்து நாள் கழித்து உட்கார்ந்தாலும் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். என் 11ல் எட்டு நின்றுபோனதற்கு இந்தச் சீட்டு இல்லாததே பெரும்பாலும் காரணம்.

மூன்று முறை உட்கார்ந்தும் பிடிக்காத ஆட்டத்துக்கு, எங்கள் தொழிலில் ஒரு சொல் இருக்கிறது, வராக்கடன். எழுதித் தள்ளிவிடுங்கள். ஆனால் கதாபாத்திரத்தை நடுத்தெருவில் விடாதீர்கள். "அவள் படகை விற்றுவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்" என்பதுபோல ஒரு வாக்கியம் எழுதி அடிக்கோடிடுங்கள். கணக்கு நேராகிவிட்டது.

புதிதாக வாங்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம். நான் செய்த சத்தியம் பன்னிரண்டு நாள் தாங்கியது. வாங்கிய அன்றைக்கே அட்டையில் இடம் கொடுக்க முடிந்தால் மட்டும் வாங்குகிறேன். தொகுப்பாக வந்தவற்றை மொத்தமாக இறக்கிக்கொள்வதில்லை.

இப்போதைய அட்டையில் இரண்டு பெயர் அடிபட்டிருக்கின்றன, அஞ்சலை இன்னும் இருக்கிறாள். நோட்டில் செருகிய சீட்டில் இப்படி இருக்கிறது: "ஆற்றுக்கு அந்தப் பக்கம் விளக்கு. அண்ணனா? 4+ ஆம்." ஒன்பதரை ஆகப்போகிறது, குக்கர் மட்டும் இன்னும் கழுவவில்லை.