‘1117’ என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடுவோம். 2022, 2023இல் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு படுத்திய பாட்டில் ஆளாளுக்கு பேட்டரி விளக்கு, சார்ஜர் என்று இறங்கினோம். ஒவ்வொரு மின்னணு பாகத்துக்கும் தயாரிப்பாளர் வெளியிடும் விவரக் கோப்பான டேட்டாஷீட்டுகளுக்கு இணையத்தில் ஒரு பொது ஃபோல்டரும் திறந்தோம். இப்போது புதிதாக வந்த இரண்டு பையன்கள் தங்களுக்கென்று ஒன்று திறந்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். நான் அன்று செய்த கோளாறுகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. மங்கலான ஸ்கேன், ஒரே கோப்பு மூன்று முறை, இதெல்லாம் அவர்களே திருத்திக்கொள்வார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

எண்ணை மட்டும் பெயராக வைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. முதல் அடி எனக்குத்தான். ‘2222’ என்று ஒரு கோப்பு வைத்திருந்தேன். அது பிஎன்2222ஏ என்ற டிரான்சிஸ்டருடையது, தட்டையான முகம் நம்மைப் பார்க்க, மூன்று கால்களும் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். கையில் இருந்ததோ பி2என்2222ஏ. அதில் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று தலைகீழ். டிரான்சிஸ்டர் எரியவில்லை, எரிந்திருந்தால் அன்றே புரிந்திருக்கும். திருப்பிப் போட்டாலும் அரைகுறையாக வேலை செய்யும் என்பதால் அது இயக்க வேண்டிய 5 வோல்ட் ரிலே (மின்காந்த ஸ்விட்ச்) ஒட்டியும் ஒட்டாமலும் முனகியது. மூன்று நாள் மாலை, ரிலேயைத் திட்டியே போயிற்று.

அதற்கப்புறமாவது புத்தி வந்ததா? ‘1117’ என்று இன்னொரு கோப்பை ஏற்றினேன். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்எம்1117, மின்னழுத்தத்தை இறக்கித் தரும் ரெகுலேட்டர் சிப். உள்ளே போகும் மின்னழுத்தத்தின் உச்ச வரம்பு 20 வோல்ட் என்று இருக்கும். ஒரு தம்பி பழைய லேப்டாப் சார்ஜரின் 19 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிட்டான். போர்டில் இருந்தது வேறொரு தயாரிப்பாளரின் ஏஎம்எஸ்1117. அதன் வரம்பு 15. ரெகுலேட்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப்புக்கு மொத்தமும் பாய்ந்தது. கராஜ் முழுக்கக் கருகல் வாடை. “அண்ணா, ஃபோல்டரில் 20 என்றுதானே போட்டிருக்கிறது?” என்றான். என்ன பதில் சொல்வது?

அவன் பக்கமும் ஒரு தப்பு உண்டு. உச்ச வரம்பு என்பது அதைத் தாண்டினால் சாகும் என்ற கோடு. அங்கே குடித்தனம் நடத்தச் சொல்லவில்லை. அதே எல்எம்1117 கோப்பில், இயக்கும் வரம்பு 15 வோல்ட்தான் என்று பக்கத்திலேயே தனி அட்டவணை இருக்கிறது. சிப் தாங்கியிருந்தாலும், 19-இலிருந்து 3.3-க்கு இறக்கும்போது 80 மில்லி ஆம்பியரிலேயே ஒன்றேகால் வாட் சூடாகப் போகும். விரல் வைக்க முடியாது.

ஆகவே கோப்புப் பெயரில் தயாரிப்பாளர், முன்னெழுத்து பின்னெழுத்தோடு முழு எண், திருத்தத் தேதி மூன்றும் இருக்கட்டும். சிப்பின் முதுகில் இருப்பதை லென்ஸ் வைத்துப் படித்த பிறகு கோப்பைத் தேடுங்கள்.

எல்லோருக்கும் அழிக்கும் உரிமை

கூடாது. போனில் இடமில்லை என்று ஒருவர் அழித்தார், எல்லோருக்கும் போயிற்று.

அட்டவணையின் ஒரு பகுதியை மட்டும் படம் பிடித்துப் போடுவது

மோட்டாரை ஸ்விட்ச் போல இயக்கும் ஐஆர்எஃப்540என் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) திறக்க ஆரம்பிக்கும் மின்னழுத்தம் 2 முதல் 4 வோல்ட். சரி, இஎஸ்பி8266 தரும் 3.3 போதுமே என்று தோன்றும். அந்த எண் வெறும் 250 மைக்ரோ ஆம்பியருக்கானது என்பது அட்டவணையின் ஓரத்தில் இருக்கிறது. முழுதாகத் திறக்க 10 வோல்ட் கொடுத்துத்தான் அளந்திருக்கிறார்கள். ஓரத்தை வெட்டிவிட்டுப் படம் போட்டால் மோட்டார் ஓடாது.

லிங்க் போதும் என்பது

சிப் நிறுவனங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். நேஷனல் செமிகண்டக்டர் 2011இல் டெக்சஸிடம் போனது. 2016இல் ஃபேர்சைல்டு ஆன் செமிகண்டக்டரிடமும், ஆட்மெல் மைக்ரோசிப்பிடமும் போயின. நான் சேர்த்துவைத்த பழைய லிங்க்குகளில் பாதி செத்துவிட்டன. கோப்பையும் வையுங்கள், குழுவுக்குள் மட்டும்.

பெரிய கோப்பு

ஏடிமெகா48 முதல் 328 வரைக்குமான மைக்ரோகன்ட்ரோலர் சிப்புகளின் முழு டேட்டாஷீட் 600 பக்கத்துக்கு மேல். மாதக் கடைசியில் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பையனுக்காகச் சுருக்கப் பதிப்பையும் பக்கத்தில் போட்டுவையுங்கள்.