பழைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? ஜம்பரைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் இன்னும் பென்டியம் 4 தான். பில் போடும் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியைத் தவிர வேறெதிலும் ஏறாது. உபயோகமில்லாத இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றியதும் முதல் டிஸ்க்கும் காணாமல் போய்விட்டது. "டிஸ்க் போச்சு சார்" என்று கடைக்கார அண்ணன், கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டார். டிஸ்க் போகவில்லை, காரணம் கீழே.

முதலில் காதைக் கொடுங்கள். ஆன் செய்ததும் டிஸ்க் சுற்றும் சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் வேறு பவர் ஒயரில் மாட்டிப் பாருங்கள். டக் டக் என்று தட்டினால் உடனே நிறுத்துங்கள். உள்ளே முக்கியமான ஃபைல் இருந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள்.

அப்புறம் டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) போய் டிஸ்க்கை 'ஆட்டோ' என்று வையுங்கள். தேதி பின்னால் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

இனிதான் விஷயம். ஐடிஇ (அகலப் பட்டை கேபிளில் மாட்டும் பழைய வகை) டிஸ்க்கின் பின்புறம், கேபிளுக்கும் பவருக்கும் நடுவில் சின்ன பின்கள், அதில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி: ஜம்பர். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்று மாஸ்டர் (முதலாவது), இன்னொன்று ஸ்லேவ் (இரண்டாவது); எது எது என்று சொல்வது ஜம்பர்தான். இரண்டும் மாஸ்டர் என்றால் ஒன்றுமே தெரியாமல் போகலாம். பழைய வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஇ டிஸ்க்குகளில் 'சிங்கிள்' என்று தனி அமைப்பு உண்டு. டிஸ்க் தனியாக இருக்கும்போது மாஸ்டரில் விட்டால், அது இல்லாத ஸ்லேவைத் தேடிக்கொண்டு பயாஸில் தெரியாமலே இருக்கலாம். லேபிளில் படம் இருக்கும். அதன்படி ஜம்பரைக் கழற்றினாலே போதும். கடையில் நடந்தது இதுதான்.

'கேபிள் செலக்ட்' (எது மாஸ்டர் என்பதைக் கேபிளுக்கே விடும் ஜம்பர் அமைப்பு) எனக்குப் பிடிக்காது, கேபிளை நம்ப வேண்டியிருக்கும். அதையே வைப்பதானால் 80 கம்பி கேபிள் வேண்டும்: நீலமுனை மதர்போர்டுக்கு, கறுப்புமுனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல்நிறம் ஸ்லேவுக்கு.

காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்றில் பின்களில் களிம்பு ஏறும். புது கேபிள் வாங்குமுன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் தனி பவர் அடாப்டருடன் வரும் யூஎஸ்பி–ஐடிஇ கன்வெர்ட்டர் வாங்குங்கள். வேறு கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரிந்தால் கோளாறு டிஸ்க்கில் இல்லை என்று புரிந்துவிடும்.

பின்சேர்க்கை: 160 ஜிபி டிஸ்க் போட்டும் 137 ஜிபி மட்டுமே வருகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஜம்பர் காரணமில்லை. எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 1 ஆவது இருக்க வேண்டும், பயாஸும் 48 பிட் முகவரியை (பெரிய டிஸ்க்கை முழுதாக எட்டும் முறை) ஏற்க வேண்டும்.